கடை பிராண்டா, பெரிய பிராண்டா? தராசும் மூன்று கிண்ணமும் வைத்து முடிவெடுக்கும் முறை

கடை தன் சொந்தப் பெயரில் விற்கும் பொருளை வாங்கலாமா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. உப்புக்கு ஒரு பதில், பாத்திரம் கழுவும் திரவத்துக்கு இன்னொன்று, காபிக்கு வேறொன்று. சாமான் பட்டியலை எடுத்து வரிக்கு வரி தனித் தீர்ப்பு எழுதுவதுதான் இங்கே வேலை. பல பொருள்களுக்கு லேபிளைப் படித்தாலே முடிவு வந்துவிடும். சிலவற்றைத் தராசில் வைக்க வேண்டும். கொஞ்சம் பொருள்களை மட்டுமே கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்துப் பார்க்க வேண்டும். பலர் ருசியில் தொடங்குகிறார்கள். அது நேரமும் பொருளும் வீணாகும் வழி.

தேவையான கருவிகள் அதிகமில்லை. 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒன்று, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, வெப்பமானி, கம்பிச் சல்லடை, அளவுகோல், ஒரே மாதிரியான கண்ணாடி ஜாடிகள், அழியாத மார்க்கர். தராசைத் தொடங்கும்முன் சரிபாருங்கள். புழக்கத்தில் அதிகம் தேயாத நாணயங்களின் எடையை அவற்றை அச்சிடும் அமைப்பே வெளியிடும். பத்து நாணயத்தைச் சேர்த்துப் போட்டால் தராசு எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பாக்கெட்டின் பின்பக்கம்

இரண்டு பாக்கெட்டையும் திருப்பி அடுக்கி வைத்து ஐந்து விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்: சேர்மானப் பட்டியல், நிகர எடை, 100 கிராமுக்கான ஊட்டச்சத்து, தயாரித்தவர் பெயர் அல்லது ஆலைக் குறியீடு, தயாரிப்பு தேதியும் பேட்ச் எண்ணும். கடைசி இரண்டையும் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். பின்னால் மிகவும் தேவைப்படப்போவது அவைதான்.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தரநிலைத் தொகுப்பான கோடெக்ஸில் 1985-இல் ஏற்கப்பட்ட லேபிள் தரநிலையின் விதி. பல நாடுகளின் சட்டமும் இதையே பின்பற்றுகிறது. அதிகம் உள்ளது முதலில், குறைவானது கடைசியில். தக்காளி சாஸ் ஒன்றில் தக்காளி விழுது முதலாவதாகவும் இன்னொன்றில் தண்ணீர், சர்க்கரைக்குப் பிறகு மூன்றாவதாகவும் இருந்தால் அவை இரண்டும் ஒரே பொருளே இல்லை. விலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. சேர்க்கைப் பொருள்களின் ஐஎன்எஸ் எண்களையும் (ஒவ்வொரு சேர்க்கைப் பொருளுக்கும் உள்ள சர்வதேச எண்) ஒத்துப்பாருங்கள். பெயர் வேறு, எண் ஒன்று என்பது சகஜம். ஒரு லேபிள் "பதப்படுத்தி 211" என்று சொல்லும், மற்றொன்று சோடியம் பென்சோயேட் என்று முழுப்பெயர் எழுதும், இரண்டும் ஒன்றுதான்.

பட்டியலில் ஒரு பொறி உண்டு. வரிசையைச் சொல்வார்களே தவிர பெரும்பாலும் அளவைச் சொல்ல மாட்டார்கள். 40 சதவீத முந்திரியும் 12 சதவீத முந்திரியும் ஒரே இடத்தில் நிற்கக்கூடும். சந்தேகம் வந்தால் ஊட்டச்சத்து அட்டவணைக்குப் போங்கள். கொழுப்பும் புரதமும் கூடுதலாக உள்ள பக்கத்தில்தான் பெரும்பாலும் விலை உயர்ந்த சேர்மானம் அதிகம் இருக்கும். அட்டவணை ஒரு பரிமாறலுக்கு என்று கொடுத்து, முழு எண்ணாகச் சுருக்கியிருந்தால் கவனம் தேவை. 30 கிராம் மாவில் புரதம் 3 கிராம் என்று போட்டிருந்தால் உண்மை 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம், அதாவது 8.3 சதவீதம் முதல் 11.7 சதவீதம் வரை. ஒன்று கேக்குக்கு ஏற்ற மாவு, மற்றொன்று ரொட்டியை நோக்கிப் போகும் மாவு. லேபிள் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

ஒரே வேதிப்பொருள்: யோசிக்காமல் கடை பிராண்டு

சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையில் 99.7 சதவீதத்துக்கு மேல் சுக்ரோஸ்தான். கரும்பிலிருந்து வந்தாலும் பீட்டிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்று. சமையல் சோடா, சோள மாவு, தூள் உப்பு ஆகியவையும் இதே வகை. உப்பில் பார்க்க வேண்டியவை இரண்டு: அயோடின் சேர்த்ததா, கட்டி தட்டாமலிருக்க என்ன சேர்த்திருக்கிறார்கள். மற்றபடி பிராண்டுக்காக ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

அமெரிக்க வீடுகளின் கொள்முதல் பதிவுகளை வைத்து 2015-இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. தலைவலி மாத்திரை வாங்கும்போது சராசரி வாடிக்கையாளர் 26 சதவீதம் முறை பெரிய பிராண்டை எடுத்தார். மருந்தாளுநர்களோ 9 சதவீதம் முறைதான். உப்பு, சர்க்கரை போன்ற சமையலறை அடிப்படைப் பொருள்களில், சமையல் வல்லுநர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பிராண்டுக்கு 12 சதவீதப் புள்ளி குறைவாகவே செலவழித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் பெயருக்குப் பணம் தருவதில்லை.

இந்த வகையிலும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. உப்பின் துகள் அளவு மாறினால் கரண்டிக் கணக்கு பொய்க்கும்: தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம், செதில் உப்பு அதில் பாதிகூட இருக்கலாம். பிராண்டை மாற்றிய வாரத்தில் உப்பு தூக்கலாகிவிட்டதென்றால் குற்றம் கரண்டியினுடையது. கிராமில் அளந்தால் தீர்ந்தது. பொடித்த சர்க்கரையில் கட்டி தட்டாமலிருக்கச் சோள மாவு சேர்ப்பார்கள், அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பேக்கிங் பவுடரைச் சமையல் சோடாவின் தம்பி என்று நினைக்க வேண்டாம். அது சோடா, அமிலம், மாவுச்சத்து மூன்றின் கலவை. அமிலம் எது என்பதைப் பொறுத்து, மாவு பிசையும்போதே வாயு வெளியேறுமா, அடுப்பில் சூடேறும்போது வெளியேறுமா என்பது மாறும். 5 கிராமை 100 மில்லி குளிர்ந்த நீரில் போட்டு நுரையைக் கவனியுங்கள். பொங்கி அடங்கியதும் ஜாடியைச் சுடுநீரில் இறக்குங்கள். இரண்டாவது முறையும் நன்றாகப் பொங்கினால் அது இரட்டை வினை வகை. பிசைந்த மாவு காத்திருக்கும் சமையலுக்கு அதுதான் வேண்டும்.

வினிகரில் பார்க்க வேண்டியது அமிலச் சதவீதம் ஒன்றுதான். லேபிள் மீது நம்பிக்கையில்லையென்றால் சமையல் சோடாவை வைத்தே சோதிக்கலாம். 100 மில்லி வினிகரை இளஞ்சூடாக்கி, எடை போட்ட சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலக்கிக்கொண்டே வாருங்கள். நுரை நின்றுபோகும்போது தீர்ந்த அளவு 7 கிராம் என்றால் அமிலம் 5 சதவீதம், 5.6 கிராம் என்றால் 4 சதவீதம். முடிவுப்புள்ளி கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனாலும் 4-ஐயும் 5-ஐயும் பிரித்துக் காட்டும். தரை துடைக்க எதுவும் சரி. காய்களைப் பதப்படுத்தி மாதக்கணக்கில் வைப்பதென்றால் செய்முறை கேட்கும் சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அங்கே அமிலம் குறைந்தால் கெடுவது ருசி மட்டும் இல்லை.

தண்ணீருக்கும் காற்றுக்கும் எவ்வளவு தருகிறோம்

டின்னில் அடைத்த பருப்பு வகை, காய், பழம் எல்லாவற்றிலும் நிகர எடையைப் பார்ப்பது வீண். வடிகட்டிய எடைதான் கணக்கு. சல்லடையை எடை போட்டு, டின்னைக் கவிழ்த்து, சற்றுச் சாய்த்து, சரியாக 2 நிமிடம் வடியவிட்டு மறுபடி எடை போடுங்கள். குலுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. அதைச் செய்தால் ஒரு டின்னுக்கு ஒரு நியாயம் ஆகிவிடும். உதாரணமாக, பெரிய பிராண்டு விலை 100, வடிகட்டிய எடை 240 கிராம். கடை பிராண்டு விலை 90, வடிகட்டிய எடை 210 கிராம். அலமாரியில் 10 சதவீதம் மலிவாகத் தெரிந்தது தட்டில் சுமார் 3 சதவீதம் கூடுதல் விலையாகிவிடுகிறது. குறைந்தது மூன்று டின்னாவது பாருங்கள். ஒரே டின்னை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது அந்த டின்னுக்கான தீர்ப்பு.

தக்காளி விழுதில் திடப்பொருள் அளவு முக்கியம். கோடெக்ஸ் வரையறைப்படி தக்காளியின் இயற்கையான கரையும் திடப்பொருள் 24 சதவீதமாவது இருந்தால்தான் விழுது. 7 முதல் 24 வரை கூழ். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்துக் கரைந்த பொருளின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் நேராக அளக்கலாம், உப்பு சேர்த்திருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்து. கருவி இல்லாவிட்டால், இரண்டிலும் ஒரே எடையை, உதாரணமாக 20 கிராம், உறிஞ்சும் தாளில் குவித்து வைத்து 10 நிமிடம் கழித்துச் சுற்றியுள்ள ஈர வளையத்தின் அகலத்தை அளவுகோலால் அளங்கள். வளையம் அகலமானால் தண்ணீர் பிரிந்து ஓடுகிறது என்று பொருள். அப்படிப்பட்டதை வாங்கினால் அடுப்பில் கூடுதல் நேரம் வற்றவைக்க வேண்டும். அந்த எரிபொருளும் விலைதான்.

வெண்ணெயில் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம், நீர் அதிகபட்சம் 16 சதவீதம் என்பது கோடெக்ஸ் எல்லை. தரநிலைக்குட்பட்ட சாதாரண வெண்ணெயில் பிராண்டு வித்தியாசம் சிறியது. "வெண்ணெய்" என்று எழுதாமல் "பரப்பி" (ஸ்பிரெட்) என்று எழுதியிருந்தால் அது வேறு சரக்கு. 100 கிராமை உயரமான கண்ணாடியில் மெதுவாக உருக்கி ஆறவிட்டால் அடியில் தங்கும் நீரின் உயரமே சொல்லிவிடும்.

ஐஸ்கிரீமை லிட்டரில் விற்கிறார்கள், அதில் காற்று எவ்வளவு என்று சொல்வதில்லை. தராசில் வையுங்கள். கலவை ஒரு லிட்டர் சுமார் 1.1 கிலோ. அதே அளவு காற்றை அடித்து இரட்டிப்பாக்கினால் ஒரு லிட்டர் 550 கிராம்தான் இருக்கும். 550 கிராமும் 800 கிராமும் ஒரே அளவு டப்பாவில் அருகருகே நிற்கும். இங்கே கிராம் விலையைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

மாவின் புரதத்தை வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம். 100 கிராம் மாவை 60 மில்லி தண்ணீரில் கெட்டியாகப் பிசைந்து, தண்ணீரில் மூழ்கவைத்து 30 நிமிடம் விட்டு, மெல்லிய நீர்த்தாரையில் கழுவும் நீர் தெளியும்வரை பிசைந்து கழுவுங்கள். கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற உருண்டையைப் பிழிந்து எடை போட்டால் ஈரக் குளூட்டன். இரண்டு மாவுக்கும் ஒரே ஆள், ஒரே தண்ணீர், ஒரே நேரம். எடையில் 3 கிராம் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், கை பழகுவதிலேயே அவ்வளவு தவறும். 8 கிராம் வித்தியாசம் வந்தால் ரொட்டியில் தெரியும்.

ஃபாயில், குப்பைப் பை, காகிதம்

நம்மைப் பொறுத்தவரை மிகத் தெளிவான விடை தரும் பகுதி இதுதான், ஏனென்றால் அடர்த்தி பொய் சொல்லாது. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம். சுருளிலிருந்து 30 செ.மீ. அகலம், 100 செ.மீ. நீளத் துண்டை வெட்டி 0.1 கிராம் தராசில் வையுங்கள். ஒரு சதுர மீட்டர் எடையை 2.7-ஆல் வகுத்தால் தடிமன் மைக்ரோனில் வரும். அந்தத் துண்டு 13 கிராம் இருந்தால் 16 மைக்ரோன், 8.1 கிராம் இருந்தால் 10 மைக்ரோன். 10 மைக்ரோன் ஃபாயில் மடிப்பில் கிழியும், சூடான கம்பித்தட்டில் ஓட்டையாகும்; இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டிவந்தால் மலிவு போய்விட்டது. பெட்டியில் எழுதிய நீளத்தையும் ஒருமுறை விரித்து அளங்கள்.

குப்பைப் பையும் இதே கணக்கு, இரண்டு பக்கம் என்பதை மறக்காமல். 60 × 90 செ.மீ. பையின் மொத்தப் பரப்பு 1.08 சதுர மீட்டர். அடர்த்தி 0.92 என்று வைத்தால், பை 20 கிராம் இருந்தால் தடிமன் 20 மைக்ரோன். ஒரு பையை மட்டும் எடை போடாமல் பத்தைச் சேர்த்துப் போட்டுப் பத்தால் வகுங்கள். ஆனால் தடிமன் மட்டும் பலம் ஆகாது. சரசரவென்று சத்தம் போடும் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் பை மெல்லியதாக இருந்தே நல்ல கனம் தாங்கும். கூரான பொருள் பட்டால் சட்டென்று நீளமாகக் கிழியும். மிருதுவாக இழுபடும் வகை குத்தலைத் தாங்கும். கிழிவது பெரும்பாலும் அடித் தையலில். பையில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் தூக்கிப்பிடித்து அடியில் துளிர்க்கிறதா என்று பாருங்கள். நேராக வெட்டி ஒட்டிய அடியைவிட, மடித்து நட்சத்திர வடிவில் ஒட்டிய அடி குறைவாகக் கசியும்.

காகிதத் துவாலையிலும் கழிப்பறைக் காகிதத்திலும் "எத்தனை அடுக்கு", "எத்தனை தாள்" என்ற எண்கள் குழப்பத்தான் உதவும். தாளின் அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம். சுருளை எடை போட்டு, நடுக்குழாய் எடையைக் கழித்து, 100 கிராம் காகிதத்தின் விலையைப் பாருங்கள். துவாலைக்கு இன்னும் இரண்டு சோதனை. தாளை உலர்ந்த நிலையில் எடை போட்டு, தண்ணீரில் முக்கி, ஒரு மூலையைப் பிடித்து 30 வினாடி சொட்டவிட்டு மறுபடி எடை போட்டால் ஒரு கிராம் காகிதம் எத்தனை கிராம் நீரைத் தாங்கும் என்பது வரும். பிறகு அந்த ஈரத் தாளைக் கிண்ணத்தின் வாயில் விரித்து ரப்பர் வளையம் போட்டு, நடுவில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எத்தனையாவதில் கிழிகிறது? நன்றாக உறிஞ்சி உடனே கிழியும் தாள் துடைப்பதற்கு உதவாது.

சலவைத்தூள், பாத்திர திரவம், பிளீச்

இங்கேதான் கடை பிராண்டை அவசரப்பட்டுப் புகழ்வதும் அவசரப்பட்டு ஒதுக்குவதும் அதிகம். காரணம், செறிவு கண்ணுக்குத் தெரியாது.

பாத்திர திரவத்தைக் கெட்டித்தன்மையை வைத்து மதிப்பிடாதீர்கள். நுரைப்பான் கலவையில் சாதாரண உப்பைச் சேர்த்தாலே கெட்டியாகும். திரவத்தை வற்றவைத்து மிஞ்சுவதை எடை போடலாமே என்று தோன்றும். அந்த மிச்சத்தில் உப்பும் சேர்ந்து நிற்பதால் அதுவும் ஏமாற்றும். வேலை செய்யவைத்துத்தான் பார்க்க வேண்டும். 45 டிகிரி வெப்பத்தில் 1 லிட்டர் தண்ணீரில் 2 கிராம் திரவத்தைக் கலந்து, ஒரே மாதிரி இருபது சுற்றுக் கலக்கி நுரையெழுப்புங்கள். சிரிஞ்சில் சமையல் எண்ணெயை 1 மில்லி விட்டுப் பத்துச் சுற்றுக் கலக்கி 30 வினாடி காத்திருங்கள். மறுபடி 1 மில்லி. மேற்பரப்பில் நுரை இல்லாமல் போகும் புள்ளியில் எத்தனை மில்லி போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பிராண்டு 12 மில்லி வரை தாங்கி, கடை பிராண்டு 8 மில்லியில் அடங்கினால், கடை பிராண்டை ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டும். விலை 30 சதவீதம் குறைவாக இருந்தாலும் 70 × 1.5 = 105; மலிவானது 5 சதவீதம் கூடுதலாகிவிட்டது. உங்கள் குழாய்த் தண்ணீரிலேயே செய்யுங்கள். கடின நீரில் எண்கள் மாறும், சில சமயம் வரிசையே மாறும்.

சலவைத்தூளில் கிலோ விலையைப் பார்க்காமல் ஒரு சலவைக்கான விலையைப் பாருங்கள். தூளில் சோடியம் சல்பேட் போன்ற நிரப்பி எவ்வளவு என்பது பாக்கெட் கனத்தில் தெரியாது. அடுத்து, நொதிகள் உண்டா என்று லேபிளில் தேடுங்கள். புரதக் கறைக்கு புரோட்டியேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ், எண்ணெய்க்கு லிப்பேஸ். மலிவான தூள்களில் முதலில் காணாமல் போவது இவைதான்.

புரோட்டியேஸ் உண்மையில் வேலை செய்கிறதா என்று முட்டை வெண்கருவை வைத்து அறியலாம். நன்றாக வெந்த வெண்கருவை 1 செ.மீ. கட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒற்றியெடுத்து எடை போட்டு, 200 மில்லி இளஞ்சூட்டு நீரில் 2 கிராம் தூள் கரைத்த ஜாடிகளில் இடுங்கள். மூன்றாவது ஜாடியில் வெறும் சலவை சோடா 2 கிராம். 40 டிகிரியை ஒட்டி வைத்து ஒரு நாள் முழுக்க விட்டு மறுபடி எடை போடுங்கள். நொதி இருந்தால் விளிம்பு கரைந்து கட்டி சுருங்கும், நீர் கலங்கும். சலவை சோடா ஜாடி ஏன் என்றால், காரமே வெண்கருவை ஊதவைத்துக் கண்ணாடி போலாக்கும். அந்த மாற்றத்தை நொதியின் வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொதிநீரில் கரைத்தால் நொதி செத்துவிடும், சோதனை அங்கேயே முடிந்தது. ஜெலட்டினை வைத்துச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். ஜெலட்டின் இந்த வெப்பத்தில் தானாகவே உருகும். அமைலேஸுக்கு அயோடின் சோதனையும் வேண்டாம்: காரக் கரைசலில் அயோடினின் நிறம் தானே மறையும், நொதியே இல்லாத தூளும் தேர்ச்சி பெற்றுவிடும்.

கடைசியாகக் கறைத் துணி. ஒரே வெள்ளைப் பருத்தித் துணியிலிருந்து 10 செ.மீ. சதுரங்கள், ஒவ்வொன்றிலும் சிரிஞ்சால் 1 மில்லி கறை: தேநீர், எண்ணெய் கலந்த தக்காளிக் கூழ், முட்டை மஞ்சள் கரு, சேற்று நீர். ஒரு நாள் காயவிடுங்கள். பாக்கெட் சொல்லும் தூள் அளவை இயந்திரம் எடுக்கும் தண்ணீர் அளவால் வகுத்து, அதே செறிவில் 500 மில்லி ஜாடியில் கரையுங்கள். 50 கிராமை 50 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 1 கிராம். 15 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல். இந்தக் கணக்கை விட்டால் மொத்தச் சோதனையும் பிழை. ஒரு ஜாடியில் வெறும் தண்ணீர். 20 நிமிடம் குலுக்கி, இரண்டு முறை அலசி, நிழலில் காயவைத்து, எல்லாவற்றையும் ஒரே பகல் வெளிச்சத்தில் ஒரே படத்தில் எடுங்கள். கறை இருந்த இடத்தை மட்டும் ஒப்பிடுங்கள். துணியின் பளிச்சென்ற வெண்மையை நம்ப வேண்டாம், துணியை வெளுப்பாகக் காட்டத் தூளில் சேர்க்கும் ஒளிர்வூட்டிகள் அழுக்கின் மீதும் பளிச்சிடும்; புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக ஒளிர்வது அதுதான்.

பிளீச்சை வீட்டில் எதனுடனும் கலந்து சோதிக்கவே கூடாது. வினிகர், அமிலக் கழிப்பறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு, அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலைப் புண்ணாக்கும். இங்கே லேபிள் போதும். சோடியம் ஹைப்போகுளோரைட் சதவீதத்தால் விலையை வகுங்கள். 0.1 சதவீதக் கரைசல் 1 லிட்டர் செய்ய 5 சதவீத பிளீச் 20 மில்லி போதும், 3 சதவீதம் என்றால் 33 மில்லி. ஒரு லேபிள் "ஹைப்போகுளோரைட்" என்றும் மற்றொன்று "கிடைக்கும் குளோரின்" (available chlorine) என்றும் எழுதியிருந்தால் முதலாவதை 0.95-ஆல் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள். தயாரிப்பு தேதிதான் பிராண்டைவிட முக்கியம்: வெயிலிலும் வெப்பத்திலும் பிளீச் தானே சிதைந்து பலம் இழக்கும். போன மாதத்துக் கடை பிராண்டு, ஒரு வருடம் அலமாரியில் கிடந்த பெரிய பிராண்டைவிட மேல்.

நாக்குக்கு விட வேண்டியவை

காபி, தேயிலை, சாக்லேட், பிஸ்கட், சாஸ் போன்றவற்றில் செய்முறையே சரக்கு. இவற்றுக்கு முக்கோணச் சோதனை. உணவு ஆய்வகங்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 4120 முறையின் வீட்டு வடிவம் இது: மூன்று கிண்ணம், இரண்டில் ஒரு பிராண்டு, ஒன்றில் மற்ற பிராண்டு. வேறானது எது என்று ருசிப்பவர் சொல்ல வேண்டும். எது பிடித்தது என்று முதலில் கேட்கக் கூடாது. வித்தியாசமே தெரியாதவரிடம் விருப்பத்தைக் கேட்டால் அவர் எதையாவது சொல்லித்தான் ஆவார்.

ஒருவர் உள்ளே ஊற்றி மூன்றிலக்க எண்கள் எழுதட்டும், எது எது என்று தெரியாத இன்னொருவர் கொண்டுவந்து வைக்கட்டும். ஊற்றியவர் பரிமாறினால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கிண்ணம், அளவு, வெப்பம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். காபியில் சூட்டு வித்தியாசம் ஒன்றே விடையைக் காட்டிக்கொடுக்கும். நிறம் வேறுபட்டால் கண்ணைக் கட்டுங்கள். ஒரு பிராண்டு அ, மற்றது ஆ என்றால், அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ என்ற ஆறு வரிசையையும் இரண்டு முறை போட்டால் பன்னிரண்டு சுற்று. நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒன்று சரியாகும் என்பதால், 12-இல் 8 சரியாக வந்தால்தான் வித்தியாசம் உண்டு என்று எழுதலாம். 9 சுற்று என்றால் 6, 6 சுற்று என்றால் 5. 12-இல் 5, 6 சரி என்று வந்தால் அந்த வீட்டுக்கு இரண்டும் ஒன்றே; மலிவானதை எடுங்கள்.

8-ஐ எட்டினால் மட்டுமே விருப்பச் சோதனை, இரண்டு கிண்ணம் போதும். 12 சுற்றில் 10 முறையாவது ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அது விருப்பம். ஒரு மடக்கில் இனிப்பு கூடியதே ஜெயிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜெயித்த பாக்கெட்டை ஒரு வாரம் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு முடிவெழுதுவது நல்லது.

எப்படிச் சாப்பிடுவீர்களோ அப்படியே சோதியுங்கள். பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கும் காபியைக் கறுப்பாகச் சோதித்துக் கிடைக்கும் தீர்ப்பு உங்களுக்கானதல்ல. அப்படியே தொட்டுக்கொள்ளும் சாஸில் பளிச்சென்று தெரியும் வித்தியாசம், கொதிக்கும் குழம்பில் போனால் மறைந்துவிடும். அந்த வீட்டில் மேசைக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என இரண்டும் வாங்குவதே சரியான கணக்கு.

எண்ணெயையும் தேனையும் பற்றி ஒன்று. குளிர்பெட்டியில் உறைகிறதா, தண்ணீரில் கரைகிறதா என்று பார்க்கும் சோதனைகள் கலப்படத்தைக் காட்டாது. இவற்றில் ருசியும் தேதியும் பார்க்கலாம், அதற்கு மேல் ஆய்வகம்தான்.

"ஒரே ஆலையில்தானே செய்கிறார்கள்?"

பல சமயம் உண்மை. 2007-இல் வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனம் தயாரித்த செல்லப்பிராணி உணவு மெலமைன் என்ற வேதிப்பொருளின் கலப்படத்தால் திரும்பப் பெறப்பட்டபோது, பட்டியலில் பெரிய பிராண்டும் கடை பிராண்டுமாக டஜன் கணக்கில் பெயர்கள் வந்தன. திரும்பப்பெறும் அறிவிப்புகளைப் படிப்பது, யாருக்கு யார் செய்துகொடுக்கிறார்கள் என்று அறிய நல்ல வழி. ஆனால் ஒரே ஆலை என்பது ஒரே செய்முறை ஆகாது. காலையில் ஒரு விவரக்குறிப்புக்கும் மாலையில் இன்னொன்றுக்கும் அதே இயந்திரம் ஓடும். பருமன் ஒத்த காய் ஒரு லேபிளுக்கு, உடைந்ததும் சிறியதும் மற்றொரு லேபிளுக்கு. சூப்புக்கு உடைந்தது போதும்.

சோதிக்கக் கூடாத வரிகளும் பட்டியலில் உண்டு. வலிநிவாரணி போன்ற மருந்தில் மூலப்பொருளின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள், ஐயமிருந்தால் மருந்தாளுநரைக் கேளுங்கள். குழந்தைக்கான பால்மாவை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். ஒவ்வாமை உள்ள வீட்டில் எந்தப் பிராண்டானாலும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படிக்க வேண்டும்.

தீர்ப்புத் தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு கட்டம் போதும்: பொருள், பயன்பாட்டு அலகு (வடிகட்டிய கிராம், ஒரு சலவை, ஒரு சதுர மீட்டர்), இரண்டின் அலகு விலை, சோதனை முடிவு, எந்த விலை வித்தியாசம் வரை பெரிய பிராண்டு என்ற சதவீதம், ஆலைக் குறியீடு. ஐந்தாவது கட்டம் சர்க்கரைக்கு 0, ருசியில் பெரிய பிராண்டு தெளிவாக வென்ற காபிக்கு 25 என்று இருக்கலாம். தள்ளுபடி வரும்போது கடையிலேயே முடிவெடுக்க அது உதவும். பெரிய பிராண்டு கடை பிராண்டைவிட மலிவாகும் வாரங்களும் வரும்.

ஆறாவது கட்டம் ஏனென்றால், கடை பிராண்டு சத்தமில்லாமல் ஆலையை மாற்றும். அட்டை அதே நிறம், அதே படம். உள்ளே வேறு யாரோ செய்த பொருள். பாக்கெட் வாங்கும்போது குறியீடு, நிகர எடை, சேர்மான வரிசை மூன்றையும் தாளோடு ஒத்துப்பாருங்கள். எதுவும் மாறவில்லையென்றால் பழைய தீர்ப்பு நிற்கும். நிகர எடை மட்டும் குறைந்திருந்தால் அலகு விலையை மாற்றி எழுதுங்கள். குறியீடோ வரிசையோ மாறியிருந்தால் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, ஒரு பாக்கெட் மட்டும் வாங்கிச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். மொத்தமாக வாங்கி அடுக்குவது அதற்குப் பிறகு.